இரண்டாவது தாள்

அக்கா,

நேற்று உங்கள் மகள் கொண்டுவந்த நீலப் போர்வை என் சமையலறை மேசையில் கிடக்கிறது. போர்வை என்பது கொஞ்சம் பெரிய சொல். இத்தாலியில் கோயில் வாசல்களில், தோள் தெரிய உடுத்து வரும் பெண்களுக்குக் கொடுப்பார்களே, அந்த மெல்லிய காகிதத் துணி. ஒரு தடவை போர்த்துவிட்டு எறிந்துவிடுவது. அதை நீங்கள் எட்டாக மடித்து, குளிர்காலக் கோட்டின் உட்பைக்குள் நான்கு வருடம் வைத்திருந்திருக்கிறீர்கள். இத்தனைக்கும் அது உங்களுடையது அல்ல. அன்று கையில்லாச் சட்டை போட்டு வந்தவள் நான். வெளியே வந்ததும் குப்பைத் தொட்டியில் போட்டதாகத்தான் எனக்கு ஞாபகம்.

மடிப்புக்குள் ஒரு தாள் இருந்தது.

“அம்மான்ர எழுத்து எனக்கு வாசிக்க ஏலாது அன்ரி. நீங்கள் வாசிச்சுச் சொல்லுங்கோ,” என்றாள் மகள்.

“முதல் தேத்தண்ணியைக் குடி பிள்ளை,” என்று சொல்லிவிட்டு அடுப்படியில் மினக்கெட்டேன். அந்தத் தாளில் என் பெயர் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான்கு வருடமாகத் தெரியும். அதை அவள் முன்னால் வாசிக்க நான் தயாராக இல்லை.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் ஒரே கட்டடத்தில் பதினாறு வருடம் இருந்தோம், நீங்கள் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. நீங்கள் மன்னாரிலிருந்து கொண்டுவந்த செபமாலையோடு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தீர்கள். நான் பதினெட்டு வயதில் வந்து, வேதியியல் படித்து, குடிநீரைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் இருக்கிறேன். தெளிவாகத் தெரியும் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் பழக்கம். மனிதர்களிடமும் அதையே செய்கிறேன் என்பது உங்கள் குற்றச்சாட்டு. “மாதா நேர வந்து நிண்டாலும் நீர் பாஸ்போட் கேப்பீர்,” என்பீர்கள்.

நான்கு வருடத்துக்கு முன், ஜூன் மாதம் என் மார்பில் ஒரு கட்டி. ஊசியால் சதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். முடிவு சொல்ல டாக்டர் குறித்த நாளுக்கு, அந்த டெர்மினுக்கு, இன்னும் பத்து நாள் இருந்தது. உங்களுக்கு மட்டும்தான் சொன்னேன், அதுவும் படிக்கட்டில் என் முகத்தைப் பார்த்து நீங்களே பாதி கண்டுபிடித்த பிறகு. சொன்ன கையோடு ஒரு நிபந்தனையும் போட்டேன். என் பெயரை எந்த மன்றாட்டிலும் சேர்க்கக் கூடாது. நம் தமிழ்ப் பூசையில் நடப்பது எனக்குத் தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிறு, இன்னாரின் சுகத்துக்காக என்று பெயர் சொல்லி வாசிப்பார்கள். பூசை முடிந்து ஆட்கள் றோல்ஸ் சாப்பிட்டு முடிப்பதற்குள், இன்னாருக்கு எந்த உறுப்பில் என்ன வருத்தம் என்பது டோர்ட்முண்ட் வரைக்கும் போய்விடும்.

“வாக்குத் தாறன்,” என்றீர்கள். அடுத்த மூச்சிலேயே, “அந்தோனியாரிட்டப் பஸ் போகுது. என்னோட வாரும். தனிய இருந்தால் சுவரோட கதைப்பீர்.”

வந்தேன். இத்தாலியின் பாதுவாவில் நீங்கள் எல்லோரும் அந்தோனியாரின் கல்லறையைத் தொட வரிசையில் நின்றபோது நான் வெளியே கோப்பி குடித்துக்கொண்டு இருந்தேன். மறுநாள் புளோரன்ஸில் அரை நாள் விட்டார்கள். அங்கே, பழைய சுவரோவியங்களுக்குப் பெயர்போன ஒரு கோயிலைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் உங்களை இழுத்துப் போனேன். படங்களைப் பார்க்க மட்டும் என்று சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலை அப்போதே நான் நம்பவில்லை.

வாசலில் எனக்கு இந்த நீலத்தைப் போர்த்தினார்கள். நீங்கள் மடு மாதா கோயிலுக்கு வந்தவரைப் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தீர்கள். காவலாளி கையைக் காலைக் காட்டிப் போடச் சொன்னார். நீங்கள் சிரித்துக்கொண்டே செருப்பை என் கையில் தந்துவிட்டு நடந்தீர்கள்.

முதல் வரிசை வாங்கில் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தீர்கள். பஸ்ஸில் வந்தவர்கள் சொன்ன பெயர்களும் நீங்களாகச் சேர்த்தவையும். மாதாவின் பீடத்தருகே மன்றாட்டுகள் போடும் மரப்பெட்டி ஒன்று இருந்தது.

“கசங்கின பேப்பர் குடுக்க ஏலாது. உம்மட கொப்பியில ஒரு தாள் கிழியும்.”

கிழித்துத் தந்தேன். பட்டியலைப் பார்த்து எழுதினீர்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கை நீட்டினீர்கள்.

“இன்னொண்டு தாரும்.”

“ஏன்?”

“எழுத்துப் பிழைச்சுப் போச்சு.”

“பிழைச்ச தாள் எங்க?”

“கண்டறியாத சந்தேகம்! பையுக்குள்ள கிடக்கு. கஸ்டம்ஸ்காரரே நீர்?”

இன்னொரு தாளையும் கிழித்துத் தந்தேன். நீங்கள் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி, நீங்கள் எழுதி முடித்ததும் படம் விளக்குகிற சாக்கில் உங்களை என்னோடு எழுப்பிக்கொண்டு போனேன். கர்ப்பிணியான மரியாள், வயதான எலிசபெத்தைக் காண வந்திருக்கும் காட்சி. இரண்டு பெண்களும் ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பில் வண்ணம் தீட்டும் முறை இது, சுண்ணாம்பு காய்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்றேன்.

“பிழை விட்டால்?”

“அந்தத் துண்டைக் கொத்தி எடுத்துப்போட்டுத் திரும்பப் பூச வேணும்.”

“பாவம்,” என்றீர்கள், ஓவியருக்காக.

ஓரத்தில் சிவப்புத் தொப்பியோடு முழந்தாளிட்டிருந்த ஒரு தடித்த மனிதரைக் காட்டி, இவர்தான் காசு கொடுத்தவர், தன்னையும் மரியாளுக்குப் பக்கத்தில் வரையச் சொல்லியிருக்கிறார், எவ்வளவு துணிவு என்றேன்.

“துணிவில்லைப் பிள்ளை, பயம்,” என்றீர்கள். “தன்னை மறந்துபோவினமோ எண்ட பயம்.”

சொல்லிக்கொண்டே கயிற்றுக்கு மேலால் கையை நீட்டி எலிசபெத்தின் முந்தானையைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். நம் ஊர்ச் சுரூபங்களை ஆயிரம் தடவை அப்படித் தொட்ட கை. எச்சரிக்கை மணி கோயில் முழுக்க அலறியது. காவலாளி ஓடி வந்தார். செருப்பு என் கையில் இருந்ததால் அவர் என்னைத்தான் பிடித்தார். நான் பாதி ஆங்கிலத்திலும் பாதி ஜெர்மனிலும் மன்னிப்புக் கேட்டு முடித்துத் திரும்பியபோது, நீங்கள் மரப்பெட்டிப் பக்கமிருந்து வெறுங்கையோடு வந்துகொண்டிருந்தீர்கள். மணி அடித்ததே திட்டமாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

“எத்தினை தாள் போட்டீங்கள்?”

“மாதாவுக்கு எண்ணிக்கொண்டே குடுக்கிறது?”

“என்ர பேர் எழுதினீங்களோ?”

“உமக்கு வாக்குத் தந்தனான்தானே.”

கவனித்தேன். இல்லை என்று நீங்கள் சொல்லவில்லை. ஆல்ப்ஸ் மலை தாண்டும் வரை நான் உங்களோடு பேசவில்லை. நீங்கள் கட்லட்டை உறையோடு என் மடியில் வைத்துவிட்டு நித்திரையாகிவிட்டீர்கள்.

டெர்மின் நாளில் கட்டி சாதாரணக் கொழுப்புக் கட்டி என்றார்கள். மாடி ஏறி வந்து சொன்னேன். “ம், நல்லது,” என்று மட்டும் சொல்லி மீன் வெட்டுவதைத் தொடர்ந்தீர்கள். ஒரு துளி ஆச்சரியம் இல்லை. அந்த ஆச்சரியமின்மையை இத்தனை வருடமும் உங்களுக்கு எதிரான சாட்சியாகவே வைத்திருந்தேன். போன மார்கழியில், வேலைக்கு இறங்கிய அதே படிக்கட்டில் உங்கள் இதயம் நின்றது. கடைசி வரை நான் மறுபடி கேட்கவில்லை. பதிலைத் தெரிந்துவைத்திருப்பவளுக்குக் கேட்க என்ன இருக்கிறது?

தேத்தண்ணி ஆறிப்போன பிறகு தாளைப் பிரித்தேன். பஸ் நிகழ்ச்சி நிரலின் பின்பக்கம். அன்று நீங்கள் பார்த்து எழுதிய அதே பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எழுதி முடித்ததற்கு ஒரு சரி. மகளின் அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சிச் சோதனை, சரி. உங்கள் கணவரின் சீனி வருத்தம், சரி. பஸ் ஓட்டுகிற அண்ணையின் முதுகு. சமையலறை மேலாளரின் விவாகரத்து. நான்காம் மாடி ஜெர்மன்காரக் கிழவி. கடைசியாக, பதினொன்றாவதாக, அவளுடைய நாய்.

நாய் என்று நான் வாசித்ததும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்கட பேர் இல்லையே அன்ரி?” என்றாள்.

“நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான்.”

“அம்மா அப்பிடிச் சொன்னாக் கேக்கிற ஆளே?”

அவள் போன பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். அழித்த தடம் ஏதும் இல்லை. நீங்கள் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். நான்கு வருடம் உங்களைப் பொய்க்காரியாக நினைத்தது என் பிழை. அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்த மடலைத் தொடங்கினேன். ஆனால் நாய்க்கு இருந்த இடம் எனக்கு இல்லை என்பது, என் நிபந்தனைதான் என்று தெரிந்தும், எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் இன்று காலையிலிருந்து பழைய வேலையையே செய்துகொண்டிருக்கிறேன். பதினொரு பெயர்கள் என் கொப்பியின் ஒரு தாளில் தாராளமாக அடங்கும். எழுதிப் பார்த்தேன், பாதித் தாள் மிஞ்சியது. பிறகு இன்னொரு தாள் எதற்கு? பிழைத்த தாளைக் கோட்டுப் பையிலும் கைப்பையிலும் மகள் காணவில்லையாம். குப்பையில் போட்ட என் போர்வையை எடுத்து, அதற்குள் பட்டியலை வைத்து மடித்தவர் நீங்கள். இவையெல்லாம் ஆதாரமாகாது என்று என் ஆய்வுகூடத்தில் யாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

ஆனாலும் அக்கா, அந்த இரண்டாவது தாளை நான் விடுவதாக இல்லை. என் பெயரை எழுதிவிட்டு நீங்கள் என்னிடம் பொய் சொன்னீர்கள் என்ற சந்தேகத்தை நான்கு வருடம் கோபத்தோடு வைத்திருந்தேன். இனியும் வைத்திருப்பேன், அது சரியாக இருக்கவேண்டும் என்ற ஆசையோடு.