வேலாயி கட்டிய தண்ணீர்த் தொட்டி

சிம்பாங் அம்பாட்,
12 ஆகஸ்டு 1951

என் அன்புள்ள மாமாவுக்கு,

வேலாயி வணங்கி எழுதுவது. நானும் மகள் ஜானகியும் சுகம். தடுப்பு முகாமில் உங்கள் இருமல் குறைந்ததா? இதை முதலில் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். தொழிற்சங்க விஷயம் ஒன்றும் இதில் இல்லை. தொட்டி கட்டின கதைதான்.

போலீஸ் உங்களைக் கொண்டுபோன பிறகு தோட்டத்து லயத்து வீடுகளையெல்லாம் முள்வேலிக்குள் சேர்த்துவிட்டார்கள். உள்ளே கிணறு இல்லை. லாரியில் தண்ணீர் வரும், வீட்டுக்கு இரண்டே வாளி. தொட்டி கட்டத் தோட்டத்துத் துரை சம்மதித்தார். வந்த சிமெண்டோ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் ஆபீஸில் கணக்கு எழுதும் தங்கராஜு கிராணி.

கொத்து வேலையில் உங்களோடு கலவை குழைத்த நாளில், சிமெண்டு பற்றாத இடத்தில் நீங்கள் சுட்ட மண்தூள் சேர்த்ததைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். கிராணி சிரித்தார். துரைதான் செய்து பார்க்கச் சொன்னார்.

வேலிக்கு வெளியே போகக் கேட்டில் பாஸ் வாங்கி, ஓடைக்கரையின் வெள்ளைக் களிமண்ணை எடுத்துச் சூளையில் சுட்டோம். முதல் தடவை தீ மிஞ்சி மண் கல்லாகிவிட்டது. மறுதடவை தீயை அடக்கினேன். மண் பக்குவமாக வந்தது. இடித்து, மாவுச் சல்லடையில் சலித்து, இரண்டு பங்கு சிமெண்டுக்கு ஒரு பங்கு சேர்த்துச் செங்கல் வைத்துப் பூசினேன்.

நாலாம் நாள் கிராணி ஆணியால் கீறினார். பூச்சு உதிர்ந்தது. இடித்துவிடலாம் என்றார். இந்தக் கலவை மெதுவாகத்தான் இறுகும், ஒரு மாதம் ஈரம் காயாமல் வைத்தால் நிற்கும் என்று துரையிடம் கெஞ்சி நாள் வாங்கினேன்.

குடிக்கவே இல்லாத இடத்தில் ஈரத்துக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா, பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆனவள், தன் வாளியைத் தூக்கி வந்து சுவரில் போட்டிருந்த சாக்கின்மேல் ஊற்றினாள். அதைப் பார்த்து நாற்பது வீட்டுப் பெண்களும் வந்தார்கள். வீட்டுக்கு அரை வாளி, ஒரு நாள் தவறவில்லை. அந்த மாதம் ஒருத்தியும் சரியாகக் குளிக்கவில்லை மாமா.

மாதம் முடிந்து தொட்டியை நிரப்பினோம். மூன்று நாள் காவல்காரர்கள்கூடச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக் கசியவில்லை. கிராணி ஆணியை வைத்து அழுத்தினார், ஆணிதான் வளைந்தது. கட்டிய கொத்தனார் யார், பேர் எழுத வேண்டும் என்று துரை கேட்டார். நான் பின்னால் நின்றேன். கிராணியே என்னை முன்னே வரச் சொல்லி, "கொத்தனாரு இந்தம்மாதான் துரே. பேரு வேலாயி" என்றார். பெண்கள் வாளியைத் தட்டினார்கள் பாருங்கள், ரோட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்போது பக்கத்துத் தோட்டத்திலும் கூப்பிடுகிறார்கள். குருபோங் ஊரிலிருந்தும் ஆள் வந்து போனது.

உங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப் போவதாக இங்கே பேசிக்கொள்கிறார்கள். நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. விசாரணைக்காகப் பெரிய அதிகாரிகள் முன்னால் உங்களை நிறுத்தும்போது இதை மட்டும் சொல்லுங்கள்: என் பெண்டாட்டி சிம்பாங் அம்பாட்டில் கொத்தனார், கை நிறைய வேலை வைத்திருக்கிறாள், கூட நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று.

மாரியம்மன் உங்கள் பக்கம் நிற்கட்டும்.

உங்கள்
வேலாயி