மலையில் உன்னைப் படம் எடுத்தவர்

ஆவடி

அன்பு மகள் ஷாரனுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் நலம். நீயும் நலம் என்றே நம்புகிறேன். எனினும் அந்த நம்பிக்கைக்கு இப்போதைய ஆதாரம் நீ அனுப்பிய மூன்று படங்கள் மட்டுமே. தொலைபேசியில் கேட்டால் அம்மா குறுக்கே பேசுவாள், ஆகவே எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

விடுமுறைக்கு இங்கிலாந்தின் வடக்கே ஒரு கிராமத்துக்குப் போனதாகவும், மரமே இல்லாத புல்மலை ஒன்றில் தனியாக ஏறியதாகவும், சுற்றிலும் ஆளரவமே இல்லை என்றும் எழுதியிருந்தாய். படங்களைப் பார்த்தேன். முதல் படத்தில் ஊதாப் புதர்களுக்கு நடுவே முதுகைக் காட்டி ஏறுகிறாய். எடுத்தவர் உனக்குக் கீழே நிற்கிறார். போனைக் கல்லின் மேல் வைத்து எடுத்தேன் என்று நீ வாதிடலாம், அதை ஒரு வாதமாக ஏற்கிறேன். ஆனால் உச்சியில் எடுத்த படத்தில் நீ சிரிப்பது போனைப் பார்த்து அல்ல, அதற்குச் சற்று மேலே. கல்லுக்கு முகம் கிடையாது. மூன்றாவதில் ஈரப்பாறையில் இறங்குகிறாய், கையை முன்னால் நீட்டியிருக்கிறாய். அது காற்றைப் பிடிக்க நீட்டிய கையாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு ரேணுகா எட்டிப் பார்த்து, "இன்னா சார், பொண்ணு போட்டோவ கேஸ் கட்டு மாதிரி பெரட்டிகினு கீறீங்க, கோர்ட்டு வேலைல ரிட்டயர் ஆனது மறந்துபோச்சா" என்று கேலி செய்தாள். உன் அம்மாவோ, "புள்ள எம்மாம் சந்தோசமா சிரிக்குது, அத்தப் பாக்க மாட்டீங்களா" என்றதோடு சரி. கறிவேப்பிலை விலையைக்கூட மூன்று கடையில் விசாரிப்பவள் இதில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவளுக்கு முன்பே தெரியும் என்றும் சந்தேகிக்கிறேன்.

விஷயம் விளையாட்டல்ல. உன்னைப் பெண் கேட்டு வந்த நெமிலிச்சேரி ஜெர்வின் வீட்டாருக்கு வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் நான் சொல் கொடுக்க வேண்டும். யாரும் மனதில் இல்லை என்று நீ சொன்னதை நம்பித்தான் பேச்சு இவ்வளவு தூரம் வந்தது. சொல் கொடுத்தால் அதன்பின் கோயிலில் மூன்று வாரம் கல்யாண ஓலை வாசிப்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் கேட்பார். அப்போது முன்வரிசையில், தடை அறிந்தும் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் சாட்சி நானாக இருப்பேன். என்னால் அது முடியாது. ஆகவே ஞாயிற்றுக்கு முன் உண்மையை எழுது. அதுவரை அவர்களிடம் அவகாசம் கேட்பதற்குக்கூட எனக்குக் காரணம் இல்லை.

அவர் யார், எந்த ஊர், எந்தச் சபை என்று ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரியாதவரை என் சந்தேகம் நீடிக்கும். ஒன்றை மட்டும் நியாயத்தின் பொருட்டுச் சொல்ல வேண்டும். ஏறும்போது அவர் உனக்குப் பின்னால் வந்திருக்கிறார், இறங்கும்போது முன்னால் போயிருக்கிறார். எங்கே வழுக்கியிருந்தாலும் நீ அவர்மேல்தான் விழுந்திருப்பாய். நேற்றிலிருந்து இதை மறுக்க முயல்கிறேன், முடியவில்லை.

மாதா உன்னைக் காப்பாராக. மலைக்காற்றில் காதை மூடிக்கொள். அடுத்த முறை ஏறும்போது போனை அவரிடமிருந்து நீ வாங்கி, ஒரு படமாவது நீ எடு.

உன் அப்பா,
அ. பாஸ்கல்