உன் பெயருக்கு அப்பா போட்ட கையெழுத்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் பாதியில் நான் கத்திவிடுவேன், நீ உடனே மீட்டிங் இருக்கிறது என்பாய், அதனால்தான் கடிதம். முழுதும் படிக்காமல் கீழே வைக்காதே. அப்பா பஸ் டெப்போ பக்கம் பழைய கூட்டாளிகளைப் பார்க்கப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும், உனக்கு எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

வாக்காளர் அட்டைக்குப் புது விதி வந்ததிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை. பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவரையும் வீட்டுக்கே வந்து முகம் பார்த்துச் சரிபார்ப்பார்களாம், அந்த முகவரியில் இல்லாதவர்களை எடுத்துவிடுவார்களாம், படம் போட்ட அட்டை இல்லாமல் ஓட்டுப் போடப் போனால் வாசலோடு திருப்பி அனுப்புவார்களாம். டிவியில் நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காதபடி கத்துகிறார்கள், அதை அணைத்தால் நாங்கள் இரண்டு பேரும் ஆரம்பிக்கிறோம். நான் விதி சரி என்கிற கட்சி. எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டரில் ஒரே பெயருள்ள இரண்டு பெண்கள் வந்து, ஒருத்தியின் சர்க்கரை மாத்திரையை இன்னொருத்தி வாங்கிப்போய் மயங்கி விழுந்தாளே, அன்று முதல் அட்டையைப் பார்க்காமல் நான் எதையும் கொடுப்பதில்லை. மாத்திரைக்கே அப்படி என்றால் நம்மை ஆளப்போகிறவரைத் தேர்ந்தெடுக்க ஓர் அட்டை கேட்பதில் என்ன தப்பு என்பேன். அப்பாவுக்கு அவரோடு வேலை பார்த்த மெக்கானிக்கை நினைத்துக் கவலை. அவர் ஒண்டிக்கட்டை, வாடகை கட்டுப்படியாகாமல் அறை மாறிக்கொண்டே இருக்கிறவர், அட்டையில் ஒரு தெரு, ஆள் இருப்பது ஒரு தெரு. "டிக்கெட் இல்லாதவனை இறக்கிவிடு, நியாயம். டிக்கெட் எடுக்கவே விடாம கதவைச் சாத்திட்டு, பாரு வண்டி காலியா இருக்குன்னு கிளம்பினா அது பஸ்ஸா?" என்பார். "ஒரே ஆளு துண்டைப் போட்டு ரெண்டு சீட்டு பிடிச்சா அது மட்டும் நியாயமா?" என்பேன் நான். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால், நான் பிடித்ததற்கும் அப்படித்தான் என்று வைத்துக்கொள், நடுவில் சாப்பாடு ஆறிப்போகும்.

இப்படி இருக்கும்போது சரிபார்க்க ஒரு டீச்சர் வந்தாள். பள்ளிக்கூட வேலையும் பார்த்துவிட்டு இந்த வேலையும் தலையில் கட்டியிருக்கிறார்கள் பாவம், மூன்று மாடி ஏறி வந்து பேச்சு வராமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அன்றைக்கு விடுமுறை, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அப்பா முகத்தைப் பார்த்தாள், டிக் போட்டாள், என் முகத்தைப் பார்த்தாள், டிக் போட்டாள், உன் பெயரை வாசித்து "மக எங்கம்மா?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் உன் அப்பா கண் சிமிட்டாமல் "வேலைக்குப் போயிருக்கா, சாயங்காலம் வந்துடுவா" என்றார். உன் அறைக் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது, உன் கட்டில் தெரியவே இல்லை, அதன்மேல் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிமலை, பக்கத்தில் அப்பா ஒரு நாள் ஓட்டிவிட்டு நிறுத்திய உடற்பயிற்சி சைக்கிள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் மனுஷன்! டீச்சர் அறையையும் பார்த்தாள், எங்களையும் பார்த்தாள். "சரி சார், நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நான் எழுதிக்கிறேன், ஆனா தப்பா இருந்தா பொறுப்பு உங்களோடது, இப்ப விதி அப்படி" என்று பொறுமையாகத்தான் சொன்னாள். பஸ் ஓட்டின காலத்தில் டிரிப் ஷீட்டில் போட்ட மாதிரி விறுவிறுவென்று போட்டுக் கொடுத்துவிட்டார்.

அவள் படி இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். வார்த்தைக்கு வார்த்தை நியாயம் பேசுகிறவர் செய்கிற காரியமா இது என்று கேட்டேன். "அவ வீடு இதுதானே, எங்க தங்கினா என்ன? ரெண்டு வருஷத்துல வந்துடுவேன்னு சொல்லிட்டுத்தானே போனா. வந்து நிக்கும்போது பட்டியல்ல பேரு இல்லேன்னா யாரு அலையறது?" என்றார். நீ சொன்ன இரண்டு வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது என்று சொல்ல நினைத்தேன், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கவுன்ட்டரில் அத்தனை பேரிடம் அட்டை கேட்கிறவள் என் வீட்டில் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் போகவில்லை.

பிறகு விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தது. உன் பெயர், உன் பிறந்த தேதி, இரண்டு ஊர்ப் பட்டியலில் இருக்கிறதாம். இதில் கூத்தைக் கேள், எங்கள் இரண்டு பேருக்கும் அன்று ஒரே சந்தோஷம். எவளோ உன் பெயரில் கள்ள ஓட்டுப் போடப் பார்க்கிறாள், பார்த்தீர்களா நான் சொன்னேன் அல்லவா என்று எனக்கு. அவர்கள் கம்ப்யூட்டர் லட்சணம் இதுதான், நாளைக்கு எல்லார் பெயரையும் இப்படித்தான் குழப்பி எடுத்துவிடுவார்கள் என்று அவருக்கு. உன்னைக் கேட்டுவிடலாம் என்று நான் போனை எடுத்தேன், "அவளை எதுக்குப் பயமுறுத்தற, முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்" என்று தடுத்துவிட்டார். நீ வந்து போகும்போது மட்டும் அவர் போடுகிற அந்த வெளிர்நீலச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, ஏதோ பரிசு வாங்கப் போகிறவர் போலக் கிளம்பினார்.

தேர்தல் அலுவலகத்து மாடியில் நீளமான கூடம், சுவரோரம் பெஞ்சு, பெஞ்சு நிறைய எங்களைப் போல முறைப்பும் முனகலுமாக ஜனங்கள். அந்த மெக்கானிக்கும் உட்கார்ந்திருந்தார், பழைய வாடகை ரசீதெல்லாம் ஒரு பையில். அதிகாரி உன் வயசுப் பையன். அப்பா அவனிடம் ஆரம்பத்திலேயே "எம் பொண்ணு பேரை யாரோ திருடியிருக்காங்க" என்று உரக்கச் சொன்னார், கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினான். நீதான். முடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறாய், கண்ணாடி போட்டிருக்கிறாய், இரண்டும் எங்களுக்குத் தெரியாது. போன வருஷமே நீயாக மனுக் கொடுத்து மாற்றிக்கொண்டாய் என்றும், பழைய ஊரில் பெயரை எடுக்காமல் விட்டது அவர்கள் அலுவலகத்துத் தாமதம் என்றும் சொன்னான். காரணம் என்று நீ எழுதியதையும் வாசித்தான், நிரந்தரமாகக் குடிபெயர்ந்தேன் என்று. அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

பையன் நல்ல பையன், அதையும் சொல்ல வேண்டும். குரலைத் தாழ்த்தி "சார், பொண்ணு மாறினது உங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, தெரியாமப் போட்ட கையெழுத்துன்னு விட்டுடறோம். தெரிஞ்சே போட்டிருந்தீங்கன்னா இந்தத் தேர்தலுக்கு உங்க பேரை நிறுத்தி வைக்கணும்" என்றான். இதைவிட யார் என்ன செய்வார்கள், சொல்? எங்களுக்குத் தெரியாது, இரண்டு பேருக்குமே தெரியாது என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். உன் அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். "இவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எம் பொண்ணு என்கிட்ட சொல்லிட்டுத்தான் எதையும் செய்வா" என்றார், பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி. யோசித்துச் சொல்லுங்கள் என்று அவன் மறுபடியும் கேட்டான், இவர் மறுபடியும் அதையே சொன்னார். அவன் எழுதிக்கொண்டான். வேலையில் இருந்தபோது தேர்தல் அன்றைக்கு லீவு கிடைக்காவிட்டாலும் காக்கிச் சட்டையோடு விடியற்காலையில் வரிசையில் முதல் ஆளாக நின்று போட்டுவிட்டு வண்டி எடுக்கிற மனுஷன், ஒரு தேர்தல் விட்டதில்லை. இந்தத் தடவை ஓட்டு இல்லை. வெளியே வந்து படியில் உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று கத்தினேன், யார் பார்த்தால் என்ன என்று கத்தினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, "நாலு பேரு முன்னாடி எம் பொண்ணு எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாதுன்னு எழுதிக் குடுக்கச் சொல்றியா?" என்றார்.

யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை பாப்பா. விதிமேல் என்றால், விதி இப்போதும் சரிதான் என்பேன், ஒருத்திக்கு ஒரு பெயர் ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும், நீயும் அதைத்தான் ஒழுங்காகச் செய்திருக்கிறாய். ஆனால் பொய் சொன்னவருக்குத் தண்டனை போடத் தெரிந்த விதிக்கு, அவர் ஏன் சொன்னார் என்று எழுதிக்கொள்ள ஒரு கட்டம் இல்லை. அந்த மெக்கானிக்குக்கோ ரசீதில் வீட்டுக்காரர் கையெழுத்து இல்லை என்று இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள், அதில் அப்பா சொன்னதுதான் சரி என்று இப்போது எனக்கே தோன்றுகிறது, ஒத்துக்கொள்ள மட்டும் மாட்டேன். உன்மேல் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நீ அங்கேயே இருந்துகொள், யார் வேண்டாம் என்றது, வேலை அங்கே, சிநேகிதர்கள் அங்கே, இந்த மூன்று மாடி ஏறி இறங்க உனக்கு என்ன தலையெழுத்து. எங்களிடம் சொல்ல ஏன் பயந்தாய்? அழுவேன் என்றா? அழுதிருப்பேன், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன், மூன்றாம் நாள் அந்த வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டிருப்பேன். அரசாங்கத்துக்குச் சொன்னதை எங்களுக்கும் சொல்லியிருக்கலாம். கோபம் என்று எழுதுகிறேனே தவிர, வலிக்கிறது.

உன் அறைத் துணியை எல்லாம் எடுத்துக் கட்டிலைச் சுத்தம் செய்துவிட்டார் அப்பா, ஏன் என்று நான் கேட்கவில்லை. டிவி விவாதமும் பார்ப்பதில்லை, நான் வம்புக்கு இழுத்தாலும் சண்டைக்கு வருவதில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தேர்தல் அன்றைக்கு என்னோடு வரிசை வரைக்கும் வந்து வெளியே நிற்கிறேன் என்கிறார். கண்ணாடி உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ராத்திரி போனையே பார்த்துப் பார்த்துத்தான் கண் கெட்டிருக்கும், குறைத்துக்கொள். தேர்தல் அன்று அங்கே கட்டாயம் போய் ஓட்டுப் போடு, அட்டையை முதல் நாளே பையில் எடுத்து வை, கடைசி நேரத்தில் தேடாதே.

எந்த ஊர் உன் ஊர் ஆனாலும் அங்கே நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தாழாமல், மனசு நிறைந்து நீ வாழ வேண்டும். பெற்றவள் வயிறு எரிந்து எழுதினாலும் வாழ்த்து வாழ்த்துதான்.

மறக்காமல் ஒன்று செய். இந்த வாரமே அப்பாவுக்குப் போன் பண்ணு. இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. நீ அங்கேயே இருந்துவிடப் போகிறாய் என்பதை அவரிடம் உன் வாயால், இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறவள் போலச் சொல். என் பெண் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் எதையும் செய்வாள் என்று ஒரு கூடம் நிறைய ஜனங்கள் முன்னால் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த மனுஷனைப் பொய்யனாகவே விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத
அம்மா