உன் காம்பராவுக்குக் கேட்ட ஜன்னல்

இன்று காலை பங்களாவில் தங்கியிருந்த ஒருவர் ஜன்னலைத் திறந்து, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்தார். "கொழும்புல இப்படிக் காத்துக் கிடைக்குமா?" என்று மனைவியிடம் கேட்டார். அவர்கள் குளிர் காய்ந்த கணப்பின் சாம்பலை நான் பின்னால் நின்று அள்ளிக்கொண்டிருந்தேன். அந்தச் சாம்பல் வாசம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய், புள்ள.

தோட்டத்துத் துரை இருந்த பங்களா இப்போது ஹோட்டல். தேயிலைக் கொழுந்து பறித்த கையால் அங்கே கூட்டித் துடைக்கிறேன். அங்கே காய்ந்த விறகு, புகை போக உயரமான புகைக்கூண்டு. நம் லயத்தில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிய மிலாறுக் குச்சி, அதுவும் ஈரம். பற்றவைக்க உரப்பையைக் கிழித்துப் போடுவோம். நாற்றம் குடலைப் பிடுங்கும்.

உன் காம்பரா அறைக்கும் என் அறைக்கும் நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகாது. உன் புகை எனக்கு, என் புகை உனக்கு. காலையில் முதலில் எழுந்து அடுப்பு மூட்டுபவள் நீதான். ஊதுகுழலை வைத்து ஊதி ஊதி, எரிகிற கொள்ளியை எனக்கும் கொண்டுவந்து நீட்டுவாய். "இந்தா மகாராணி, எழும்பு!" என்பாய். அத்தனை வருஷமும் உன் மூச்சில்தான் என் வீட்டிலும் சோறு வெந்தது.

இருமல் நிற்காமல் போனபோது டவுன் ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கூட்டிப்போனேன். வீட்டில் யாராவது சிகரெட் குடிக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். "எங்க வீட்டுல அடுப்பு மட்டுந்தாங்க குடிக்குது" என்றாய். அவர் சிரிக்கவில்லை. புகைக்குப் பக்கத்தில் போகக்கூடாது, காற்றோட்டமாக இருக்க வேண்டும் என்றார். எல்கடுவ பஸ்ஸில் திரும்பி வரும்போது உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காத்தோட்டமா இருக்கணுமாம்! மருந்துச் சீட்டுல ஒரு ஜன்னலையும் எழுதிக் குடுத்திருந்தா வாங்கிட்டு வந்திருக்கலாம்." சிரித்துச் சிரித்து இருமினாய். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தார்.

அந்த ஜன்னலை நீ உண்மையாகவே போய்க் கேட்டாய். சுவர் தோட்டத்துக்குச் சொந்தம், நாமாக ஒரு கல்லையும் எடுக்கக்கூடாது என்றார் தோட்டத்து ஆபீஸ் ஐயா. "மேல கேட்டுச் சொல்றேன்" என்றார். நீயும் நம்பிக் காத்திருந்தாய். அந்த மழைக்காலத்தில்தான் பங்களாவின் முன்சுவரை முழுசாக உடைத்துக் கண்ணாடி போட்டார்கள். மலை தெரிய வேண்டுமாம்.

இடையில் கடன்பட்டு காஸ் அடுப்பு வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? காஸ் விலை ஏறியதும் காலிச் சிலிண்டர் உட்காரும் முக்காலியானது. நீ கடைசியாக உட்கார்ந்து அடுப்பு ஊதியதும் அதன் மேல்தான்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காத்து நல்லாத்தான்டி இருக்கு" என்றாய். அடிப்பாவி! நல்ல காற்றைச் சாகப்போகும்போதா மனுஷிக்குக் காட்டுவார்கள்?

உன் ஊதுகுழல் இப்போது என் வீட்டில். நான் விடிய முந்தியே பங்களாவுக்குப் போய்விடுவதால் என் மகள்தான் அடுப்பு மூட்டுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். ஊதிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி நெஞ்சில் கை வைத்தாள். "ஒண்ணுமில்லம்மா, கண்ணுல புகை" என்றாள். அவளுடைய நெஞ்சுக்குள்ளே விசில் சத்தம். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து உன் நெஞ்சில் அதை எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன்! எனக்குத் தெரியாதா, புள்ள?

மறுநாளே ஆபீசுக்குப் போய் ஜன்னல் கேட்டேன். இப்போது இருப்பவர் புது ஐயா, சின்ன வயசு. மரியாதையாக உட்காரச் சொன்னார். "மேல கேட்டுச் சொல்றேன்" என்றார்.

ஊதுகுழலை எங்கேயாவது ஒளித்து வைக்கலாமா என்று பார்த்தேன். வைத்தால், அடுப்புக்கு இன்னும் கிட்டக் குனிந்து வாயால் ஊதுவாள்.