நான்காம் அறைக்கு வந்த மீன்

ஜூன் 9, திங்கள்

காலையில் மோட்டார் ஓடவில்லை. விடுதிப் பெண்கள் நாற்பது பேரும் வாளியோடு வரிசையில் நின்றார்கள். அதற்குள் கல்லூரித் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். வாஸ்துக்காரர் வந்து போனாராம். விடுதியின் வடகிழக்கு மூலையில் ஃப்ளவர்ஹார்ன் மீன் வைத்தால் இந்த வருடம் அட்மிஷன் நிரம்பிவிடுமாம்.

"ரெண்டடித் தொட்டி போதும் வேணி மேடம். மீன் சின்னதுதான?"

உடைந்த இரண்டு கட்டில்களைப் பற்றிச் சொன்னேன்.

"முதல்ல மீன்," என்றார்.

ஜூன் 11, புதன்

திருவானைக்காவலிலிருந்து பஸ் பிடித்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போனேன். அங்கே அப்துல் ஹலீம் பாயின் வண்ணமீன் கடை. நெற்றி புடைத்த அந்த மீன் மூன்று விரல் நீளம்தான் இருந்தது. இரண்டடித் தொட்டி கேட்டேன். தரமாட்டேன் என்றார். வியாபாரி இல்லை என்று சொல்வது எனக்குப் புதுசு. அதுவும் பொருளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு.

"இன்னைக்கு இருக்கிற மீனுக்குத் தொட்டி வாங்கக் கூடாதுங்க மேடம். நாளைக்கு ஆகப்போற மீனுக்கு வாங்கணும். இது ஒரு அடி வளரும். திரும்பிப் படுக்க இடம் வேணாமா? ஒத்தை மீனுக்கே நாலடி வேணும், இருநூத்தம்பது லிட்டர் தண்ணி. இல்லைன்னா வேற சின்ன மீனா வாங்கிக்குங்க."

திட்டு வாங்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

ஜூன் 12, வியாழன்

திட்டு இல்லை. தாளாளர் உருகிவிட்டார்.

"உயிரில்லையா மேடம்? அடைச்சு வைக்கிறது பாவம். நாலடியே வாங்குங்க."

எனக்குக் கண் கலங்கியது, உண்மையாகவே. இந்த மனிதரை நாம் தப்பாக நினைத்துவிட்டோமோ? அடுத்த வாக்கியம் வரும்வரை அப்படித்தான் நினைத்தேன்.

"நாலடின்னா வராண்டாவுல வைக்க முடியாது. வடகிழக்கு மூலை நாலாம் ரூம்தான? காலி பண்ணிருங்க. அந்தப் புள்ளைங்க மத்த ரூம்ல அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க."

சரிங்க சார் என்றேன். வார்டனாகப் பதினோரு வருடமாக என் வாயில் வரும் ஒரே பதில்.

ஜூன் 14, சனி

நான்காம் அறையின் நாலு பேரையும் ஒரு மணி நேரத்தில் மாற்றினேன். மூன்றாம் அறைக்கு ரஞ்சனி. உப்பிலியபுரத்துப் பெண், பி.எஸ்ஸி கணக்கு, கடைசி வருடம். ஐந்தாவது கட்டிலுக்கு இடமில்லை. இரண்டு கட்டில்களுக்கு நடுவே பாய் விரித்துக்கொண்டாள். சண்டை போடுவாள் என்று பார்த்தேன். இதை மட்டும் கேட்டாள்:

"மேடம், பாத்ரூம் போறவங்க என்னைத் தாண்டித்தான் போகணும். அவங்க எதுவும் நெனச்சுக்க மாட்டாங்கல்ல?"

ஜூன் 17, செவ்வாய்

தொட்டி வந்தது. ஆனால் மீன் வராது. தண்ணீர் நாலு வாரம் சும்மா ஓடிப் பழகினால்தான் மீன் விட வேண்டும் என்கிறார் பாய். தாளாளர் மறுபேச்சுப் பேசவில்லை.

"புது இடம்ல? அதுக்குச் செட் ஆகணும்."

ஜூலை 16, புதன்

மீன் வந்தது. தாளாளர் மாலை போடப் பார்த்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் தொட்டிக்குப் போட்டார். கரஸ்பாண்டென்ட் என்பதைச் சுருக்கிப் பெண்கள் அவரைக் 'கரஸ்' என்பார்கள். மீனுக்குச் 'சின்ன கரஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 23, புதன்

இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் மீனுக்கு மட்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

புதிதாகப் பத்துப் பேர் சேர்ந்தார்கள். "மீன் வேலை செய்யுது," என்று தாளாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்றாம் அறையில் இப்போது ஆறு பேர். பின்கட்டில் எட்டு அறை விருந்தினர் விடுதி பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கலாமே என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். கடிதத்தை மடித்து என்னிடமே தந்தார்.

"சேர்ந்து இருந்தாத்தான் மேடம் பாசம் வளரும்."

சரிங்க சார்.

சாயங்காலம் ரஞ்சனி வந்தாள். இன்டர்னலில் இரண்டு பேப்பர் போய்விட்டது. மெஸ்ஸில் உட்கார்ந்து படித்தால் துடைக்கணும் எழுந்திரு என்கிறார்களாம்.

"அப்பாவ வரச் சொல்லிட்டேன் மேடம். டிசி வாங்கிக்கிறேன்."

கடைசி வருடம். கொஞ்சம் பொறும்மா என்றேன். எதற்குப் பொறுக்கணும், எதுவரைக்கும்? என்கிட்ட என்ன இருக்கு குடுக்க? அவள் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மீன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. நிறம் வெளுத்து, நெற்றிப் புடைப்பும் வற்றி, மூலையில் ஒண்டிக் கிடக்கிறது. தாளாளர் ஒரே நாளில் இரண்டு முறை வந்தார். மார்ச் மாதம் மஞ்சள்காமாலை வந்து மூன்று பெண்கள் படுத்தபோது அவர் ஃபோனில்தான் வந்தார்.

ஹலீம் பாயை வரவழைத்தோம். தண்ணீரைச் சோதித்தார், தொட்டியைச் சுற்றினார், சுவரில் கை வைத்து நின்றார்.

"தொட்டி சரி, தண்ணி சரி. அந்தப் பக்கம் எத்தனை பேர்?"

"ஆறு," என்றேன்.

"அதான். ஓயாம காலடி, கட்டில் இழுக்கிற சத்தம். அதிர்வு தண்ணிக்குத் தெரியுமுங்க. மீன் பயந்து கெடக்கு. ஆளக் குறைங்க."

தாளாளர் முகத்தில் அப்படியொரு கவலையை நான் பார்த்ததில்லை. "ரூமுக்கு எத்தனை பேர் இருந்தா மீனுக்கு நல்லது?"

பாய் யோசித்தார். நான் யோசிக்கவில்லை.

"மூணு சார்."

பாய் என்னைப் பார்த்தார். பிறகு, "குறைஞ்சா நல்லதுதான்," என்றார்.

"அந்த ஒரு ரூம் மட்டும்தான?"

"மாடியில நடந்தாலும் கீழ அதிருது சார்," என்றேன். என் குரல்தானா அது?

ஆகஸ்ட் 14, வியாழன்

சுற்றறிக்கையை நானே தட்டச்சு செய்தேன். 'மீனின் உடல்நலம் கருதி, இனி அறைக்கு மூன்று மாணவியர் மட்டுமே. ஏனையோர் பின்கட்டு விருந்தினர் விடுதிக்கு மாற்றப்படுவர்.' தாளாளர் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ரஞ்சனியின் அப்பா வீரமலை பெட்டி தூக்க வந்திருந்தார். பலகையில் ஒட்டிய அறிக்கையை நின்று நிதானமாகப் படித்தார்.

"மீனுக்காகவாங்க?"

"ஆமாங்க."

மகளின் புது அறையைப் பார்த்தார். கட்டில், மேசை, ஜன்னல். போகும்போது மீன் தொட்டி முன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்றார்.

"சாப்புடுதுங்களா?"

"இன்னைக்குச் சாப்பிட்டுச்சுங்க."

பெட்டி இங்கேயே இருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

காலை ஐந்தரைக்கு ரஞ்சனி என் கதவைத் தட்டினாள். சின்ன கரஸ் மிதந்துகொண்டிருந்தது. நேற்று நன்றாகத்தான் இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

மாமரத்தடியில் புதைத்தோம். சத்திரத்துக்கு ஆட்டோவில் போனேன். ஹலீம் பாய் கடையைத் திறந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய், அதே சிவப்பு, அதே நெற்றி, இரண்டு விரற்கடை மட்டும் குட்டையான ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் சொன்னபடி அரை மணி நேரம் பையோடு மிதக்கவிட்டு, பிறகு தொட்டியில் விட்டேன்.

பதினொரு மணிக்குத் தாளாளர் வந்தார். பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ஐம்பது பேருக்கும் தெரியும். மெஸ் பாத்திரம் கழுவுகிறவருக்கும் தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை.

கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து பார்த்தார்.

"கொஞ்சம் இளைச்ச மாதிரி இல்ல?"

"பரீட்சை நேரம் சார். பொண்ணுங்க நடந்துக்கிட்டே படிக்கிறாங்க."

நிமிர்ந்து பக்கத்து அறைச் சுவரைப் பார்த்தார்.

"அப்ப ரூமுக்கு ரெண்டு பேரா ஆக்கிரலாமா மேடம்?"

ரஞ்சனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு போதும் சார்," என்றேன்.