304-ஆம் வீட்டு வாசனைக் குப்பை

நாகாஓகா
ஜூன் 9

அன்புள்ள மினோரி அப்பாவுக்கு,

சாவாகோ எழுதுவது. இங்கே நாற்று நட்டு முடித்துவிட்டார்கள். கட்டடத்துக்குப் பின்னால் ஹைட்ரேஞ்சியா மொட்டு விட்டிருக்கிறது, மழை தொடங்க இன்னும் ஒரு வாரம்தான் என்கிறார்கள். ஹாய்ஃபோங்கில் வெயில் தாங்க முடிகிறதா? தொழிற்சாலைச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? கேட்க வேண்டியதை முறையாகக் கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மினோரி வெளியே போனாள். தானாகவே, மூன்று தடவை! இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் நீங்கள் "அப்படியா, நல்லது" என்பீர்கள். மெசேஜ் அனுப்பினால் கும்பிடுகிற கரடி படம் ஒன்று வரும். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுவதும் படியுங்கள்.

முதலில் ஒரு மன்னிப்பு. அவள் வேலையை விட்டதற்கு மேலாளரோடு ஒத்துவரவில்லை என்று உங்களிடம் சொன்னேனே, அது பொய். இரண்டு வருடம் முன்பு, பிப்ரவரியில், அலுவலகத்தில் அவள் மேசைமேல் யாரோ ஒரு பாடி ஸ்ப்ரே டப்பாவை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பேர் இல்லை, சீட்டு இல்லை. நம் ஊர் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லத்தான் வாய் வராதே! தன்மேல் நாற்றம் அடிக்கிறது, அதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அன்று மதியமே வீட்டுக்கு வந்தவள், மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை.

அப்புறம் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நாளைக்கு மூன்று குளியல். கூரியரில் வாராவாரம் ஒரு பெட்டி ஸ்ப்ரே. கதவுக்கு உள்ளே எந்நேரமும் ஸ்ஸ்ஸ் என்று சத்தம். "அம்மா, இப்போ வாடை வருதா?" என்று கேட்பாள். இல்லையடி கண்ணு என்பேன். "நீ அம்மா. நீ வேற என்ன சொல்லுவே?" என்று கதவைச் சாத்திக்கொள்வாள். டாக்டரிடம் போகலாம் என்றால், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களை நினைத்து நடுங்குவாள். உங்களிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தப்புதான்.

போன மாதம் கட்டடத்தில் தீ எச்சரிக்கைக் கருவிகளைச் சோதிக்க ஆள் வந்தது. எல்லா வீட்டிலும் எல்லா அறைக்குள்ளும் போய்க் கூரையில் இருக்கிற கருவியைப் பார்ப்பார்கள் அல்லவா? நான் கடையில் லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். இரண்டே நிமிடம்தான் உன் அறைக்குள் இருப்பார் என்று மினோரியிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தேன். சம்மதித்தாள். ஆனால் அந்த ஆள் மாடி ஏறும் சத்தம் கேட்டதும் உள்ளே ஆரம்பித்துவிட்டாள். ஒரு டப்பா, இரண்டு டப்பா, கை ஓயாமல் அடித்திருக்கிறாள். அறையே பனிமூட்டம். அதைப் புகை என்று நினைத்து அந்தக் கருவி அலறியது பாருங்கள், இருபத்துநான்கு வீடும் கிடுகிடுத்துப் போயிற்று!

எல்லாரும் படியில் தடதடவென்று இறங்கி ஓடினோம். மினோரியும்தான். ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் வெறும் சாக்ஸ். கீழே முற்றத்தில் கூட்டத்துக்கு நடுவில் நின்றாள். இரண்டு வருடமாகப் பால்கனிக்குக்கூட வராத பெண்! யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை, யாரும் நகர்ந்து நிற்கவில்லை. இரண்டாவது மாடி ஓகுமுராம்மா சோற்றுக் குக்கரைக் கட்டிப் பிடித்தபடி ஓடி வந்திருந்தார். "தீ பிடிச்சா பிடிக்கட்டும், இன்னிக்குச் சோறு நல்லா வெந்திருக்கு" என்றார். நான் பயத்திலும் சிரித்துவிட்டேன்.

சோதிக்க வந்தவர் மினோரி அறையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து தலை குனிந்து சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. அந்த அறையில யாராச்சும் ஒரு தீக்குச்சி உரசியிருந்தா, இந்நேரம் நாம இப்படி நின்னு பேசிட்டிருக்க மாட்டோம்." மினோரி வெளிறிப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனபோது, "அம்மா, பத்தவைக்காதே" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். எல்லா ஜன்னலையும் திறந்தாள். பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, "இதையெல்லாம் தூக்கிப் போட்டுடலாம்மா" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்! அழுகையை அடக்கப் பச்சை வெங்காயத்தாளை எடுத்து நறுக்க ஆரம்பித்தேன்.

எண்ணிப் பார்த்தோம். ஸ்ப்ரே நாற்பத்தொன்று. அவளே வாங்கிய சென்ட் பன்னிரண்டு. நகராட்சிக் கையேட்டைப் பிரித்தால் தலை சுற்றியது. சென்ட்டைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, துணியில் ஊறவைத்து எரிகிற குப்பையில் போட வேண்டும், சீசா தனி, மூடி தனி. உங்கள் பழைய பனியன்கள் ஒன்பதும் அதற்குத்தான் போயின, தேடாதீர்கள். ஸ்ப்ரே டப்பாவை வெட்டவெளியில், பக்கத்தில் நெருப்பு இல்லாத இடத்தில், உள்ளே இருப்பது முழுவதும் தீரும்வரை அடித்துக் காலி செய்ய வேண்டும். பால்கனியில் செய்தால் மேலேயும் கீழேயும் காயப் போட்ட மெத்தை எல்லாம் மணக்கும். வேறு வழி? விடிந்ததும் சைக்கிளில் ஆற்றங்கரைக்குப் போனோம்.

அவள் முகமூடி, தொப்பி, நீளக் கை சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு எனக்கு இருபது அடி பின்னால் வந்தாள். கரையில் காற்று பார்த்து நின்று அமுக்க ஆரம்பித்தோம். பத்து டப்பாவில் என் கட்டைவிரல் செத்துவிட்டது. எலுமிச்சை, ரோஜா, சோப்பு, பீச் பழம் என்று வாடைக்குமேல் வாடை. ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு வாயில் சிகரெட்டோடு வந்தார். "ஐயா, அங்கேயே நில்லுங்க! கிட்ட வராதீங்க!" என்று நான் போட்ட கத்தலில் அவர் சிகரெட்டை ஆற்றிலேயே போட்டுவிட்டார். நாய் வரிசையாக ஏழு தும்மல் தும்மிற்று. மினோரி முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் பல்லைப் பார்த்தே எவ்வளவு நாளாயிற்று!

அடுத்தது புதன்கிழமை. உங்களுக்குத்தான் தெரியுமே, உள்ளே இருப்பது தெரிகிற பை, மேலே வீட்டு எண் எழுத வேண்டும், குப்பை போடும் இடத்தில் ஓகுமுராம்மா கையுறையோடு காவல். மூன்று உறைக்குள் சுற்றிய மீன் முள்ளையும் மோப்பம் பிடித்து, கிழமை தப்பு என்று திருப்பி அனுப்புகிறவர். முன்பு உங்களையே பீர் டப்பாவோடு இரண்டு தடவை மாடி ஏற வைத்தார். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார், அதனால்தான் அவரைக் கண்டால் ஊரே ஒதுங்கும். ஆகவே நான், வாரத்துக்குப் பத்தாகப் போடலாம், யாருக்கும் தெரியாது என்றேன். மினோரி எழுதுகோலை எடுத்துப் பைமேல் 304 என்று பெரிதாக எழுதினாள். "ஒரேயடியா போடணும். இல்லன்னா மறுபடி எடுத்து வச்சுப்பேன்" என்றாள்.

ஓகுமுராம்மா பையைப் பிரித்து ஒவ்வொரு டப்பாவாகக் காதருகே ஆட்டிப் பார்த்தார். நாற்பதைப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்தார். "இதுல இன்னும் மிச்சம் இருக்கு. அடுத்த தடவை கொண்டா." அவ்வளவுதான். எதற்கு இத்தனை என்றுகூடக் கேட்கவில்லை. நான் கும்பிட்டுத் திரும்பிவிட்டேன், மினோரி திரும்பவில்லை. கைகளை இறுக்கிக்கொண்டு, "ஓகுமுராம்மா, உங்களை ஒண்ணு கேக்கணும். என்மேல நாத்தம் வருதா?" என்று கேட்டேவிட்டாள்.

வருகிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மகள் இனி கதவே திறக்கமாட்டாள். அவரோ கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து, அவள் தோளிலும் கழுத்திலும் தலையிலும் நிதானமாக முகர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "சோப்பு வாடை. காலையில மிசோ சூப் குடிச்சிருக்கே, வெங்காயத்தாள் போட்டது. வேற ஒண்ணுமில்ல. உங்கம்மாமேலதான் பொரிச்ச எண்ணெய் நாத்தம், படியேறி வந்தா மூணு மாடிக்கும் தெரியுது. கடையிலயே குளிச்சுட்டு வரச் சொல்லு."

இருபது வருடம் கடையில் உருளைக்கிழங்கு கொரொக்கே பொரித்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை! அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மினோரி என் சட்டையை முகர்ந்து பார்த்து, "அவங்க சொன்னது நெஜந்தாம்மா, நாறுறே" என்றாள். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து ரொம்ப நேரம் அழுதாள். நானும் அழுதேன். நேற்று நடந்தே மருந்துக்கடைவரை போய் வந்தாள். பஸ்ஸில் இன்னும் ஏறவில்லை. ஒரேயடியாக எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறாள். என் நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது. நான் இப்போது தூங்குகிறேன்.

மிச்சப் பாதியை உங்களிடம் சொல்ல வேண்டும். அவள் அலமாரியில் ஐந்து சென்ட் சீசா மட்டும் உறை பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் விமான நிலையக் கடையில் நீங்கள் வாங்கி வந்தவை. அதை எடுக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு மட்டும் சாக்லேட். எனக்கு ஏன்மா எப்பவும் சென்ட்?" என்று கேட்டாள். முதல் சீசாவை நீங்கள் கொடுத்தது புத்தாண்டுக்கு. அலுவலக மேசைமேல் அந்த ஸ்ப்ரே டப்பா இருந்தது அடுத்த மாதம். அவள் ஏன் சாப்பாட்டு மேசையில் ஜன்னல் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்து, அரைகுறையாகச் சாப்பிட்டு எழுந்து போகிறாள், அப்பாவோடு பேசப் பிடிக்கவில்லையா என்று நீங்கள் வருத்தப்பட்டீர்களே. இப்போது புரிகிறதா?

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பெண்ணுக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள், கடைப் பெண் கையில் கொடுத்ததை வாங்கியிருப்பீர்கள். எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நான் சொன்னால், நீ அம்மா, வேறு என்ன சொல்லுவாய் என்பாள். அந்த ஐந்தையும் நான் தொடவில்லை. நீங்கள் வந்து அவளோடு சேர்ந்து ஊற்ற வேண்டும். பனியன்தான் உங்களிடம் இன்னும் இருக்குமே.

ஆகஸ்டில் லீவு கிடைக்கும் என்றீர்கள். வரும்போது தயவுசெய்து அந்தக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். வெறுங்கையோடு வாருங்கள். வந்ததும் குளிக்கப் போகாதீர்கள், விமானமும் ரயிலும் ஏறி வந்த வியர்வையோடு அப்படியே மேசைக்கு வாருங்கள். அவள் ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்திருப்பாள். உங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டு, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, இரண்டு கிண்ணம் சோறு நிதானமாகச் சாப்பிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

எண்ணெய் வாடையோடு,
உங்கள் சாவாகோ