முத்தம்மாவின் மண்

12.3.1986, புதன். ராகலை.

தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புக்குப் பின்னால் கல்லும் முள்ளுமாய்க் கிடந்த துண்டு நிலத்தை, கொழுந்து பறித்துத் திரும்பிய மாலைகளில் சாணமும் சருகும் மக்கவைத்துப் போட்டு, மூன்று வருடத்தில் கறுத்த மண்ணாக்கியவள் முத்தம்மா. மருந்து அடிக்காமல் லீக்ஸும் கரட்டும் எடுத்தாள். அந்த முறையைச் சொல்லிக் கொடுத்தவள் நான். தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கொடுக்கும் அனுமதிப் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பியவளும் நான். பயிரிடுபவர் என்ற இடத்தில், யோசிக்காமல், அவள் புருஷன் பெயரை எழுதினேன். பெண்சாதியின் சம்பளத்தையும் புருஷனே கைநீட்டி வாங்கும் தோட்ட வழக்கத்தைப் பல்கலைக்கழக நாள் முதல் ஏசி வருபவள் நான்.

இப்போது முத்தம்மாவின் புருஷன் அந்த நிலத்தை உருளைக்கிழங்கு முதலாளி ஒருவனுக்குக் கொடுத்துவிட்டான். ஞாயிறன்று ஆள் இறங்குமாம்.

"பேப்பர்ல எம்பேருதானே டீச்சர்? தொரைகிட்ட காட்டுங்க" என்றாள் முத்தம்மா.

உண்மையைச் சொன்னேன்.

"அதுக்கென்னாங்க, சம்பளமும் அவருதானே வாங்குறாரு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மண்ண மட்டும் சாக்குல அள்ளிக்கிறேன். அது நான் செஞ்சதுதானே" என்றாள். என் வீட்டுக் கொல்லையில் கொட்டிப் பயிரிடச் சொன்னேன், பாவத்தைக் கழுவும் அவசரத்தோடு.

அவள் கொல்லையைச் சுற்றிப் பார்த்தாள். "இந்த எடம் யாரு பேருல டீச்சர்?"

"தம்பி பேர்ல."

கொண்டுவந்திருந்த சாக்குகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "மொதல்ல எழுதி வாங்குங்க. அப்புறம் கொண்டாறேன்."

ஞாயிறுக்கு இன்னும் நான்கு நாள். தம்பிக்குக் கடிதத்தின் முதல் வரியை எழுதிவிட்டேன். நலம் விசாரித்திருக்கிறேன்.